பன்னிரண்டாவது தகடு

பட்டறையில் எனக்கு மிளகாய் என்று பெயர். வைத்தவர் எங்கள் முதலாளி. அவருக்கு நான் வைத்த பெயர் எட்டரை. தினமும் சரியாக எட்டரை மணிக்குத்தான் கதவைத் திறப்பார். ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தெருவிலேயே நிற்பாரே தவிர, சாவியைப் போட மாட்டார். மழை பெய்தாலும் அப்படித்தான். இப்படி ஒரு பிறவி. பட்டறையில் நாங்கள் இரண்டே பேர், பதினைந்து வருடமாக.

ஓவியர்கள் செப்புத் தகட்டில் கீறிக் கொண்டுவரும் படத்தைத் தாளில் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். எட்சிங் என்பார்கள். தகட்டில் மெழுகு பூசி, மெழுகின்மேல் ஊசியால் படம் போட்டு, அமிலத்தில் முக்குவார்கள். ஊசி கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். நிறைய நேரம் விட்டால் கோடு ஆழமாகும், சீக்கிரம் எடுத்துவிட்டால் மேலோட்டமாக நிற்கும். அதுவரை ஓவியர் பாடு. அந்தக் கோடுகளுக்குள் மையை ஏற்றி, மேலே ஒட்டிய மையைத் துடைத்து, ஈரத்தாளைப் போர்த்தி உருளைக்கடியில் விட்டு எடுப்பது என் பாடு. துடைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைத்துத் துடைத்தால் படம் சேறாகிவிடும். அதிகம் துடைத்தால் மேலோட்டமான கோட்டிலிருந்து மை கிளம்பி வந்துவிடும், படம் சோகை பிடித்த மாதிரி இருக்கும். இந்த வேலையில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது. திமிராகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதம் பன்னிரண்டு தகடுகள் வந்தன. ஓவியக்காரி ஒருத்தி இரண்டு வருடம் விவசாயிகள் வீடுகளில் தங்கி, அவர்கள் அன்றாடம் செய்கிற வேலையை வயலிலும் தொழுவத்திலும் உட்கார்ந்து தகட்டிலேயே நேராகக் கீறியிருக்கிறாள் என்று எட்டரை சொன்னார். ஒவ்வொரு தகட்டுக்கும் நாற்பது பிரதி. அவளே எடுத்த மாதிரித் தாள்களும் கூடவே வந்தன. மாதிரியில் எப்படி இருக்கிறதோ அப்படியே நாற்பதும் இருக்க வேண்டும். இல்லாததைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். அது பட்டறைச் சட்டம்.

விவசாயப் படம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டவுனில் இருக்கிறவர்கள் வரைகிற விவசாயி சூரியனைப் பார்த்துக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பான். எந்த விவசாயிக்கு அப்படி நிற்க நேரம் இருக்கிறது? நான் வயலில் பிறந்து வளர்ந்தவள், என்னிடம் கதை விட முடியாது. அதனால் குறை கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் மாதிரித் தாள்களைப் பிரித்தேன். கிழங்கு தோண்டுகிறவள், குனிந்த வாக்கில் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சாக்குத் தைக்கிறவர் நூலைப் பல்லால் கடிக்கிறார். வண்டிச் சக்கரத்தைக் கழுவுகிறவன் காலில் சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. ஒருவர்கூட நம்மைப் பார்க்கவில்லை, எல்லோரும் வேலையைப் பார்க்கிறார்கள். சனியன், நன்றாக இருந்தது.

எட்டரை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன மிளகா, இந்த ஊர்ல எல்லாரும் இடது கைக்காரங்களா?"

"பதினஞ்சு வருஷமா பிரஸ்ஸு நடத்துறீங்க, இதுகூடத் தெரியலயா? தகட்டுல வலதுன்னா தாள்ல இடதா வரும். அவ நேரா வரைஞ்சிருக்கா, எல்லாம் மாறி வந்திருக்கு."

"தெரியும்மா, தமாஷுக்குச் சொன்னா கடிக்க வர்றியே." கடைசித் தாளை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "இந்தா, இதுல ஒருத்தன் மட்டும் ஒழுங்கா வலது கையால வேலை செய்யறான்."

கதிர்க்கட்டு கட்டுகிற மனிதர். முழங்காலால் கட்டை அமுக்கிக்கொண்டு, வைக்கோல் பிரியை வலது கையால் இழுத்து முறுக்குகிறார். முகம் தெரியவில்லை. தலைத்துண்டுக்குக் கீழே அடர்த்தியான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, முகம் முழுக்க இருட்டு.

நான் தாளைக் கீழே வைத்துவிட்டுத் தகட்டை எடுத்தேன். தாளில் வலது கை என்றால் நிஜத்தில் அவர் இடது கைக்காரர். இடது கையால் பிரி முறுக்கி, முனையைக் கட்டைவிரலால் உள்ளே செருகுகிற ஆளை எனக்கு ஒருவரைத்தான் தெரியும். செப்பில் அவர் நேராக இருந்தார். இடது முழங்கால் கட்டின்மேல், இடது கட்டைவிரல் முடிச்சுக்குள். துண்டின் முடிச்சு காதுக்குமேல் துருத்திக்கொண்டிருந்தது. அது என் அப்பா.

"என்னம்மா, தகட்டுல வேற கீறல் ஏதும் இருக்கா?" என்றார் எட்டரை.

"ஒண்ணுமில்ல. போய் வேலையப் பாருங்க."

முதலாளியையே வேலையைப் பார்க்கச் சொன்னேன். அவரும் போனார்.

அப்பாவை நான் பார்த்துப் பதினேழு வருடம். எனக்கு அப்போது இருபத்திரண்டு. அம்மா இல்லாத வீடு, நானும் அவரும்தான். டவுனுக்குப் போய் வேலை பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறி. அறுப்பு முடியட்டும் என்றார் அவர். போன வருடமும் இதைத்தான் சொன்னாய் என்றேன் நான். பேச்சு வளர்ந்தது. என் வாய் யாரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? "போறவ இப்பவே போ"ன்னு அவர் சொல்ல, "போறேன்"ன்னு நான் சொல்ல, அறுத்துப் போட்ட கதிர் பாதி வயலில் கட்டாமல் கிடக்க, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது, நாலு நாள் விடவில்லை. ஒற்றை ஆளாக அவர் எவ்வளவுதான் கட்டியிருக்க முடியும்? மிச்சம் எல்லாம் வயலிலேயே முளைத்துவிட்டது என்று பிறகு அத்தை சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் என்னைப் பஸ் நிலையத்தில் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். பட்டறைவரை வந்து பார்த்துவிட்டுத்தான் போனாள். "அப்பா என்னைப் பத்திக் கேப்பாரா அத்தை?" என்று கேட்டேன். "உன் பேரை எடுத்தா எழுந்து போயிடறான்டி" என்றாள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது? ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் போய்விட வேண்டும் என்று நினைப்பேன். பஸ் ஏறும் இடம்வரைகூட ஒரு தடவை போனேன். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று இருக்கும். அந்த முகத்தில் முழிக்கவும் பயமாக இருக்கும். பதினேழு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

இப்போது அவரே என் மேஜைக்கு வந்திருக்கிறார், முகத்தை மூடிக்கொண்டு.

மற்றத் தகடுகளை முதலில் முடித்தேன். பன்னிரண்டாவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒருநாள் இனிமேல் தள்ள முடியாது என்று ஆனதும் மையைப் பூசினேன். முதல் மூன்று தாள் மாதிரிக்கு அச்சாக ஒத்துப்போனது. நாலாவதில் ஏதோ நினைப்பில் முகத்துப் பக்கம் கை கொஞ்சம் அழுத்திவிட்டது. தாளை உரித்துப் பார்த்தால், இருட்டுக்கு நடுவில் ஒரு புருவம்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத் தகட்டைப் பார்த்தேன். அவள் முதலில் முகத்தைப் போட்டிருக்கிறாள், ஆழமாக அரித்திருக்கிறாள். பிறகு அதன்மேல் மறுபடி மெழுகு பூசி, குறுக்குக் கோடுகள் போட்டு, லேசாக அரித்து மூடியிருக்கிறாள். மூடின கோடு மேலோட்டம், முகம் ஆழம். அப்படியென்றால் மேலே இருக்கிற மை கிளம்பும்வரை துடைத்தால் முகம் வெளியே வரும். அதிகமாகத் துடைக்காதே என்று பதினைந்து வருடம் கற்றுக்கொண்ட கை, வேண்டுமென்றே அதிகமாகத் துடைக்க ஆரம்பித்தது.

எட்டரை மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போவார், ஒன்றிலிருந்து இரண்டுவரை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அப்படியே வைத்துவிட்டு, மை நன்றாகக் கிளம்ப உள்ளங்கையில் சுண்ணாம்புத் தூளைத் தொட்டுக்கொண்டு, அவர் முகத்தைத் துடைப்பேன். நகத்தின் அளவுதான் முகம். முதல் நாள் மூக்கு வந்தது. மறுநாள் ஒரு கண், சுருக்கிய கண். வெயிலில் அப்படித்தான் சுருக்குவார். அதற்கடுத்த நாள் தாடை. வாய் மட்டும் வரவில்லை. வாய்ப் பக்கம் கோடுகள் இன்னும் நெருக்கம். வாயைப் பார்த்தால் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். கோபம் என்றால் அவருக்குக் கீழுதடு உள்ளே போய்விடும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அழுத்தித் துடைத்துத் துடைத்து ஆறு தாள் வீணானது. உசத்தியான தாள், கையால் செய்தது. ஆறையும் கிழிக்க மனம் வராமல் உருளைக்குப் போடுகிற கம்பளிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். என் வயதுக்கு இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏழாவது நாள் எட்டரை கம்பளியைத் துவைக்கப் போட எடுத்தார்.

அவர் கத்தவில்லை. தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். மாதிரியைப் பக்கத்தில் வைத்தார். "என்ன மிளகா இது?"

"துடைப்பு கொஞ்சம் அதிகமாயிருச்சு."

"கொஞ்சமா? ஆறு தடவை, அதே இடத்துல? என் காதுல பூ சுத்தாதே. ஓவியக்காரி மூடி வச்ச முகத்தை நீ ஏன் திறக்கறே? அவ படம் அது, உன் படம் இல்ல."

"எனக்கு அந்த முகம் வேணும்."

"எதுக்கு?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. மிளகாய் அழுது அந்த மனிதர் பார்த்ததில்லை, பார்க்கவும் விட மாட்டேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஓவியக்காரிக்கு போன் பண்ணினார்.

மறுநாள் காலையில் வந்தாள். முப்பது வயதிருக்கும், ஒல்லி, ஆம்பளைச் செருப்பு. பெரிய சண்டைக்குத் தயாராக நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஆறு தாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் நெற்றியை, மூக்கை, தாடையை, அளவெடுக்கிற மாதிரி பார்த்தாள்.

"நீங்கதானா அக்கா?" என்றாள்.

"என்னது நான்தானா?"

"அவர் மக."

எட்டரை மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

"சொல்ல மாட்டேன்னு அவர்கிட்ட வாக்கு குடுத்திருக்கேன்" என்றாள். "ஆனா நீங்களே தோண்டி எடுத்துட்டீங்க, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? முதல்ல நான் முகத்தோடதான் அக்கா போட்டேன். மாதிரி எடுத்துட்டுப் போய்க் காமிச்சேன். படத்துல இருக்கிறவங்க சரின்னு சொன்னாத்தான் நான் மேல வேலை செய்வேன். ரொம்ப நேரம் பாத்தார். கட்டு நல்லா இருக்கு, கைதான் மாறிப்போச்சுன்னார். எங்க அச்சடிப்பேன்னு கேட்டார். இந்தப் பட்டறைன்னு சொன்னேன். அங்க ஒரு பொம்பளை இருக்குமே, கோவக்காரின்னார். நான் உள்ள போனதில்ல, எனக்குத் தெரியாதுன்னேன். அது என் மகதான், முகத்தை மூடிருன்னார்."

"அவ்வளவு வெறுப்பா என்மேல?" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஏங்க ஐயா, அவங்க பாக்கட்டுமேன்னு கேட்டேன். அதுக்கு அவர், 'படத்துல பாத்துட்டா அதுவே போதும்னு இருந்துருவா. அவ அழுத்தக்காரி. பாக்கணும்னா நேர்ல வந்து பாக்கட்டும்'னார்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள்.

"கிழவனுக்குப் பிடிவாதத்தப் பாரு" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. எட்டரை பார்க்கப் பார்க்க அழுதேன். அவர் அவசரமாக எழுந்து, துடைப்புத் துணி ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் முழுக்க மை.

"இப்ப எப்படி இருக்கார்?" என்று ஓவியக்காரியைக் கேட்டேன்.

"போன மாசம் பாத்தேன். நல்லா இருக்கார். நடைதான் குறைஞ்சுபோச்சு. போங்க அக்கா."

"இன்னைக்கே கிளம்பு" என்றார் எட்டரை. "மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"மாட்டேன். வேலையப் பாதியில போட்டுட்டு இனிமே நான் எங்கயும் போறதா இல்ல."

அவர்களுக்கு அது புரிந்திருக்காது. பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பினால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். அதோடு, சொல்லாமல் என்ன, பயமும் இருந்தது. நேரில் வந்து பார்க்கட்டும் என்று சொல்வது சுலபம். வருகிறவளுக்கு அல்லவா கால் வர வேண்டும்?

ஓவியக்காரி ஆறு தாள்களில் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதையாவது வச்சுக்கோங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

கண் தெரிந்தது அதில், பாதி மூக்கும். வாங்கிவிட்டால் இன்னும் பதினேழு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டிவிடுவேன். என் அப்பா என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார். பட்டறைச் சட்டப்படி ஆறையும் நானே நாலு நாலாகக் கிழித்தேன். கிழிக்கிறபோது தாளின் சத்தம் தாங்க முடியாததாக இருந்தது.

பிறகு ஆறு நாள், நாளைக்கு ஆறு தாள் வீதம், கடைசி நாளில் ஒன்று கூடுதலாக, மாதிரிக்கு அச்சாக எடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் அவர் முகத்தின்மேல் மையை அப்படியே விட்டேன். உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே முப்பத்தேழு தடவை மூடினேன். அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. நாற்பதும் காய்ந்ததும் எண்ணிக் கட்டி எட்டரையிடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குப் போகிற மண்பாதையில் இப்போது தார் போட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நடந்து போய்ச் சேர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருந்தால் தேவலை என்று இருந்தது. கொல்லைப்பக்கம் கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் அப்பா உட்கார்ந்து, மண்வெட்டியில் ஒட்டின சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் நின்றதை அவர்தான் முதலில் பார்த்தார்.

"அந்தப் படலைச் சாத்திட்டு வா" என்றார். "கோழி பூந்துரும்."

சாத்திவிட்டு வந்தேன். கிட்டே போய் நின்றேன்.

"கதிரக் கட்டாம அப்படியே போட்டுட்டுப் போயிட்டேன்பா" என்றேன், மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு.

"அதான் அடுத்த வருஷமே விதைச்சு அறுத்தாச்சே. அதை இன்னுமா தூக்கிக்கிட்டுத் திரியறே?"

மண்வெட்டியின் காம்பு புதிது. இரும்பு இலையில் ஒரு மூலை தேய்ந்திருந்தது. அவர் கால் தெரிந்தது, நகம் தெரிந்தது. அதற்குமேல் என் கண் போக மாட்டேன் என்றது.

அவர் குச்சியைக் கீழே போட்டார்.

"பாக்கத்தானே வந்தே? மண்வெட்டியவே பாத்துக்கிட்டு நின்னா எப்படி? நிமிந்து பாரு."

நிமிர்ந்தேன். முகம் முழுக்கச் சுருக்கம். ஓவியக்காரி கோடுகளை ரொம்பக் குறைத்துத்தான் போட்டிருந்தாள்.